ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா? – மெனு கார்டுக்கு முன்னால் ஒரு மன்னார்குடிக்காரர்

மன்னார்குடி பந்தலடியில் இறங்கி எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"சர்வர், ரெண்டு செட் பூரி, ஒரு ஸ்பெஷல் தோசை. காபி லைட்டா, சுகர் கம்மியா. அப்படியே நாலு இட்லி பார்சல். பில்லு கொண்டாங்க."

இந்த ஒரு மூச்சில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். சர்வர், செட், ஸ்பெஷல், காபி, லைட், சுகர், பார்சல், பில். மொத்தம் எட்டு. ஓட்டல் என்ற சொல்லையும் சேர்த்தால் ஒன்பது. சொன்னவர் ஆங்கிலம் பேசியதாக நினைக்கவே மாட்டார். பக்கத்து மேஜைக்காரரும் அப்படி நினைக்க மாட்டார்.

இப்போது அதே ஆள் சென்னைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயது, சம்பா அறுவடை முடிந்த கை. ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்குகிறார். கூடவே அவர் மனைவி. மகனும் மருமகளும் பேரனும் அன்று மதியம் அவர்களைப் பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். குளிர்ந்த அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை. கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் வந்து குனிந்து கேட்கிறார்.

"ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங், சார்?"

மன்னார்குடியில் ஒன்பது சொல் பேசியவர் இங்கே வாயைத் திறக்கவில்லை. "என்னடா தம்பி கேக்குறாரு?" என்று அவர் மனைவி மகனைப் பார்க்கிறார். மகன் போனில் இருக்கிறான். இளைஞர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஏதோ ஒரு மேஜையில், ஏதோ ஒரு அப்பாவுக்கு இது தினமும் நடக்கிறது. அவருக்குத் தெரியாமல் போனது ஆங்கிலம் இல்லை. ஒரு நாற்பது சொற்கள், அவ்வளவுதான். அந்த நாற்பதிலும் தட்டில் வருவதை மாற்றும் சொற்கள் சில, பில்லை மாற்றும் சொற்கள் சில. அவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மீதியைக் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரில் தொடங்கும் பரீட்சை

ஸ்டில் என்றால் அசையாதது, அதாவது குமிழி இல்லாத சாதாரணத் தண்ணீர். ஸ்பார்க்ளிங் என்றால் குமிழி விடும் தண்ணீர். சோடா மாதிரி வாயு ஏற்றியது. இரண்டுமே பாட்டிலில் வரும். இரண்டுக்குமே காசு.

இந்தக் கேள்வியில் இரண்டு விடைதான் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவதாக ஒன்று உண்டு. "ரெகுலர் வாட்டர், ப்ளீஸ்" என்று சொன்னால் வடிகட்டிய தண்ணீரை ஜாடியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். வெளிநாட்டில் இதற்கு "டேப் வாட்டர்" என்று பெயர். குழாய்த் தண்ணீர் என்று அர்த்தம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் லண்டனில் கோட் சூட் போட்டவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பாட்டில்தான் வேண்டும் என்றால் விலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடையில் பாட்டிலின் மேல் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கக் கூடாது. மேஜை போட்டுப் பரிமாறும் இடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மெனுவில் போட்டிருப்பதுதான் விலை.

ஆங்கில மெனுவில் பாதி பிரெஞ்சு

மெனு கார்டைப் பிரித்ததும் வரும் சொற்களில் பாதி ஆங்கிலமே இல்லை. மெனு, ரெஸ்டாரன்ட், செஃப், சூப், பஃபே, டிஸர்ட் எல்லாம் பிரான்சிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரரும் ஒரு காலத்தில் இவற்றைத் திக்கித் திணறிக் கற்றுக்கொண்டவர்தான்.

ரெஸ்டாரன்ட் என்ற சொல்லின் கதையே சுவையானது. 18-ம் நூற்றாண்டு பாரிஸில் அது கடையின் பெயர் இல்லை. உடம்பு தேறுவதற்காகக் குடித்த ஒரு வடிசாற்றின் பெயர். பழைய தெம்பைத் திரும்பத் தருவது என்று பொருள். காய்ச்சல்காரருக்கு மன்னார்குடியில் மிளகு ரசம் வைத்துக் கொடுப்பதுபோல. அந்தச் சாறு விற்ற கடைக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மெனுவின் வரிசையைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதலில் ஸ்டார்டர் அல்லது அப்பெடைஸர்: பசியைக் கிளப்பும் சின்னத் தட்டு. அடுத்தது மெயின் கோர்ஸ்: வயிறு நிரம்பும் சாப்பாடு. கூடவே சைட் டிஷ், அதாவது தொட்டுக்கொள்வது. கடைசியில் டிஸர்ட்: இனிப்பு. மேஜையைத் துடைத்து எடுத்த பிறகு வருவதால் அந்தப் பெயர். 'டெ' என்று முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் பாலைவனம் ஆகிவிடும். பின்பாதியை அழுத்த வேண்டும்.

'ஆன்ட்ரே' என்று ஒரு சொல் வரும். நுழைவு என்று அர்த்தம். பிரான்சில் அது முதல் தட்டு. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முக்கியச் சாப்பாடு என்று பொருள். அமெரிக்க மெனுவை வைத்துக்கொண்டு "சும்மா ஆரம்பத்துக்கு ஒண்ணு" என்று ஆன்ட்ரே சொன்னால், ஆளுக்கொரு பெரிய தட்டு வந்து நிற்கும்.

'அ லா கார்ட்' என்றால் மெனுவைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அதற்கு நேர் எதிரானது, ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு. அதற்கும் பிரெஞ்சில் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதன் பெயர் 'மீல்ஸ்'. சாதம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், மோர், அப்பளம் எல்லாம் ஒரே டோக்கனில். ரெஸ்டாரன்டிலும் அது கிடைக்குமா என்று தெரிய வேண்டுமானால், "செட் மீல் இருக்கா?" என்று கேட்டால் போதும்.

பஃபே என்பது முதலில் சாப்பாடே இல்லை. பாத்திரம் அடுக்கி வைக்கும் பக்க மேஜை. இன்று, அந்த மேஜைக்கு நடந்து போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறைக்கு அந்தப் பெயர். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதை உட்காரும் முன்னால் கேட்டுவிடுவது நல்லது.

தட்டில் வருவதை மாற்றும் சொற்கள்

மேலே சொன்னவை தெரியாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இனி வருபவை அப்படி இல்லை.

மாக்டெயில் – மது கலக்காத பழச்சாற்றுக் கலவை. காக்டெயில் – மது கலந்தது. எழுத்தில் சின்ன வித்தியாசம்தான், தம்ளரில் பெரிய வித்தியாசம். ஒரு பானத்தின் பெயருக்கு முன்னால் 'விர்ஜின்' என்று இருந்தால் அதில் மது இல்லை. சந்தேகம் இருந்தால், "இதுல ஆல்கஹால் இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். குழந்தைக்கு வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டும்.

வெஜிடேரியன் – இந்தியாவில் பச்சை வட்டம் போட்டிருந்தால் முட்டையும் இல்லை என்று பொருள். அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். பழைய அச்சில் பழுப்பு வட்டமாக இருக்கும். கடல் தாண்டினால் கணக்கு மாறும். அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை இருக்கலாம். "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதுதான் பாதுகாப்பு. 'நான்-வெஜ்' என்ற சொல்லையே அங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது இந்திய ஆங்கிலம்.

வீகன் – 1944-ல் இங்கிலாந்தில் உருவான சொல். முட்டை மட்டும் இல்லை. பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. காய்கறி மட்டும் சாப்பிடுபவர்தானே என்று "ஐ ஆம் வீகன்" என்று சொல்லிவிட்டால், பிறகு தயிர்சாதம் கேட்க முடியாது.

ஸ்டாக், பிராத் – எலும்போ காய்கறியோ போட்டுக் காய்ச்சி வடித்த சாறு. வெஜிடபிள் சூப் என்று பெயர் இருக்கும். அடியில் சிக்கன் ஸ்டாக் இருக்கும். தாய்லாந்துச் சாப்பாட்டில் வெறும் காய்கறி வதக்கலில்கூட ஃபிஷ் சாஸ் சேர்ப்பது உண்டு. பெயரை நம்பாமல் கேட்க வேண்டிய இடங்கள் இவை.

கிரேவி – இங்கே எந்தக் குழம்பும் கிரேவிதான். பிரிட்டனில் கிரேவி என்றால் இறைச்சி வேகும்போது வடியும் சாற்றில் செய்தது. உருளைக்கிழங்குக்குக் கொஞ்சம் கிரேவி ஊற்றச் சொன்னால், சைவக்காரருக்கு அன்று விரதம் முடிந்தது.

பீநட் – எல்லாவற்றையும்விட முக்கியமான சொல். நிலக்கடலை சாப்பிட்டால் மூச்சு முட்டும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அதைக் கிரவுண்ட்நட் என்று சொல்லிப் பழக்கம். வெளிநாட்டில் பீநட் என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். "நோ நட்ஸ்" என்றும் சொல்லி நிறுத்தக் கூடாது. நட்ஸ் என்றால் பலருக்கு முந்திரி, பாதாம்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் உணவகங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் நிலக்கடலை தனி, முந்திரி, பாதாம் வகையறா தனி, எள் தனி. நல்லெண்ணெயை 'ஜிஞ்சலி' என்றால் அங்கே புரியாது. 'செசமி' என்று சொல்ல வேண்டும். "ஐ ஆம் அலர்ஜிக் டு பீநட்ஸ்" – வீட்டில் யாருக்காவது அந்தத் தொல்லை இருந்தால், குழந்தையானாலும் பாட்டியானாலும், இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட ஆங்கிலம்.

கூத்தாநல்லூரிலிருந்து சிங்கப்பூர் வரை

மன்னார்குடியைச் சுற்றி இருக்கும் ஊர்களுக்குக் கடல் தாண்டிய மேஜை புதிது இல்லை. பக்கத்தில் இருக்கும் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் குறைவு. சாப்பிட மட்டும் இல்லை, சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கவும் போகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொற்கள்தான் சம்பளம்.

ஆனால் சிங்கப்பூரில் இறங்கியதும் பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். அங்கே காபிக் கடையில் 'கோப்பி' என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாத கறுப்புக் காபி, சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. இதில் 'ஓ' சீனர்களின் ஹொக்கியன் மொழியில் கறுப்பு. 'கோசோங்' மலாய் மொழியில் காலி. பார்சலுக்கு அங்கே 'தாபாவ்'. மூன்று மொழி ஒரே தம்ளரில். யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

பார்சல் என்ற சொல்லே ஊருக்கு ஊர் வேஷம் மாற்றும். பிரிட்டனில் 'டேக் அவே', அமெரிக்காவில் 'டு கோ'. அங்கே போய்ப் பார்சல் என்றால் தபால் ஆபீஸுக்கு வழி காட்டினாலும் காட்டுவார்கள். "எங்கே நல்ல ஹோட்டல் இருக்கு?" என்று பசியோடு கேட்டால் தங்கும் விடுதியைக் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கு ரெஸ்டாரன்ட் என்றுதான் கேட்க வேண்டும்.

காய்கறியிலும் இதே கதை. கத்தரிக்காயை இங்கே பிரிஞ்சால் என்று படித்தோரும் சொல்வார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். பிரிட்டனில் 'ஓபர்ஜீன்', அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. எக்பிளான்டில் முட்டை இல்லை, பயப்பட வேண்டாம். வெண்டைக்காய்க்கு 'ஓக்ரா'. லேடீஸ் ஃபிங்கர் என்று கேட்டால் விரல் மாதிரி இருக்கும் ஒரு பிஸ்கட் வரலாம். தயிருக்கு 'கர்ட்' என்றால் திரிந்த பால்கட்டியை நினைப்பார்கள். 'யோகர்ட்' என்று கேளுங்கள். 'சிப்ஸ்' பிரிட்டனில் சுடச்சுட வரும் உருளைக்கிழங்குத் துண்டு. பாக்கெட்டில் வரும் சிப்ஸுக்கு அங்கே 'க்ரிஸ்ப்ஸ்'.

ஒரு சொல்லில் மட்டும் தமிழ்நாடு முந்திக்கொண்டது. வெயிட்டர், வெயிட்ரஸ் என்று ஆண், பெண் பிரித்துச் சொல்வது சரியில்லை என்று அமெரிக்காவில் இப்போது பொதுவாக 'சர்வர்' என்கிறார்கள். நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' வந்தது 1964-ல்.

கடைசி ஆங்கிலம்: பில்

சாப்பாடு முடிந்தது. பிரிட்டனிலும் இங்கேயும் "பில், ப்ளீஸ்". அமெரிக்காவில் "செக், ப்ளீஸ்". அங்கே செக் என்றால் பேங்க் செக் இல்லை, இதே பில்தான்.

பில்லில் மூன்று வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலாவது, சப்-டோட்டல்: சாப்பிட்டவற்றின் கூட்டுத்தொகை. இரண்டாவது, ஜி.எஸ்.டி. சாதாரண ரெஸ்டாரன்டில் 5 சதவிகிதம். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பெரிய நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவிகிதம் வரை போகும். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் 'டாக்ஸஸ் எக்ஸ்ட்ரா' என்று இருப்பது இதைத்தான். மெனுவில் 400 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 420.

மூன்றாவது வரிதான் கவனிக்க வேண்டியது: சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்லை, அரசாங்கத்துக்குப் போவதில்லை, ரெஸ்டாரன்டே போடுவது. வாடிக்கையாளரைக் கேட்காமல் இதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிட்டவரின் விருப்பம்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். சாப்பாடு 2,000 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 10 சதவிகிதம் என்றால் 200. ஜி.எஸ்.டி.யை இரண்டையும் கூட்டி 2,200-க்குப் போட்டால் 110. மொத்தம் 2,310. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 2,100. இடையில் இருக்கும் 210 ரூபாய், ஒரு வரியைப் படிக்காததற்கான விலை. "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று தமிழிலேயே சொல்லலாம். "ப்ளீஸ் ரிமூவ் த சர்வீஸ் சார்ஜ்" என்றும் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க மனம் இருந்தால் அவர் கையிலேயே டிப்ஸாகக் கொடுக்கலாம். அமெரிக்கா போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அங்கே 15 முதல் 20 சதவிகிதம் டிப்ஸ் வைப்பது எழுதாத சட்டம்.

தஞ்சாவூர் நீதிபதி தொகுத்த சொற்கள்

மெனு கார்டுக்கு முன்னால் கூசி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் ஆர்தர் கோக் பர்னெல் என்று ஒரு வெள்ளைக்கார நீதிபதி இருந்தார். அரண்மனை நூலகத்தின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் போட்டவர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் உள்ளூர் மொழிகளிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களை அவரும் ஹென்ரி யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்தார்கள். 1882-ல் பர்னெல் இறந்துபோனார். 1886-ல் அந்த அகராதி வெளிவந்தது. பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'.

அதில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு பதிவு உண்டு. சென்னை மாகாணத்தில் துரைமார் வீட்டுச் சமையற்காரர்களும் வேலைக்காரர்களும் பேசிய உடைந்த ஆங்கிலம் அது. 'சொல்லுவேன்' என்பதற்கு 'ஐ டெல்லிங்', 'சொல்லிவிட்டேன்' என்பதற்கு 'ஐ டன் டெல்' என்று அவர்கள் பேசினார்களாம். அதைக் கேட்டு மேஜையில் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அதே அகராதியின் மற்றப் பக்கங்களைப் புரட்டினால், சிரித்தவர்களின் தட்டில் இருந்தது என்ன என்று தெரிகிறது. 'கறி' அங்கே கர்ரி. மிளகுத்தண்ணீர் அங்கே 'மல்லிகட்டானி' சூப். கஞ்சி அங்கே 'காஞ்ஜி'. இங்கே டிபன் என்று சொல்வது மட்டும் ஆங்கிலேயர்களின் பழைய கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது என்கிறது அகராதி. இங்கிலாந்தில் அது செத்துப்போய், இங்கே உயிரோடு இருக்கிறது.

கர்ரி அதற்கும் முன்பே கடல் தாண்டிவிட்டது. 1747-ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்திலேயே அதற்குச் செய்முறை இருக்கிறது. கஞ்சி இன்னும் பழையது. 1563-ல் கோவாவில் அச்சான ஒரு போர்த்துக்கீசிய மருத்துவ நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் போட்டுக் கொடுக்கும் அரிசி நீர் என்று அது வருகிறது. இன்று ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர விடுதிகளின் காலை பஃபேயில், வெள்ளிப் பாத்திரத்துக்கு முன்னால் ஓர் அட்டையில் 'காஞ்ஜி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நெல் விளையும் ஊரில், வயலுக்குப் போகும் முன் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போன அதே கஞ்சிதான். அந்த ஊர்க்காரர் அதைப் படிக்கத் தெரியாமல் பிரெட்டை எடுத்துக்கொண்டு போனால் அது பெரிய பாவம்.

கேட்க வேண்டிய ஐந்து

நாற்பது சொல்லும் நினைவில் நிற்காவிட்டால் ஐந்து வாக்கியங்கள் போதும். போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

"வாட் இஸ் திஸ் டிஷ்?" – இது என்ன பதார்த்தம்? பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால் விரலை வைத்துக் காட்டலாம். அதில் தப்பே இல்லை.

"வாட் இஸ் இன் இட்?" – இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?

"இஸ் இட் ஸ்பைஸி?" – காரமா? 'ஹாட்' என்று கேட்டால் சூடா என்று எடுத்துக்கொள்ளலாம்.

"ஹவ் மெனி பீப்பிள் கேன் ஷேர் திஸ்?" – இதை எத்தனை பேர் சாப்பிடலாம்? வீண்செலவைத் தடுக்கும் கேள்வி இதுதான். சூப்பை இரண்டாகப் பகிர்ந்து கேட்க, இந்தியாவில் 'ஒன் பை டூ' பல இடங்களில் செல்லும்.

"குட் ஐ ஹேவ்..." – எதைக் கேட்பதானாலும் இதில் ஆரம்பிக்கலாம். 'கிவ் மீ' என்பது இலக்கணத்தில் சரி. காதுக்கு அதட்டலாக விழும். தமிழில் "கொண்டா" என்பதற்கும் "கொண்டாங்களேன்" என்பதற்கும் இருக்கும் தூரம் அது.

இனி அந்த மேஜைக்குத் திரும்பலாம். தண்ணீர் எது வேண்டும் என்று கேட்டுவிட்டு அந்த இளைஞர் இன்னும் நிற்கிறார். சென்னையின் பல ரெஸ்டாரன்ட்களைப் போல அவரும் மணிப்பூரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், ஸ்டில், ஸ்பார்க்ளிங் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகியிருப்பார். அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு மணிப்புரி வராது. நடுவில் இருப்பது அந்த நாற்பது சொல்தான். இரண்டு பேருமே வெளியிலிருந்து வந்து பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கயிறு.

அது தெரிந்தால் பெரியவருக்குக் கூச்சம் வர வேண்டியதில்லை. மகன் போனைக் கீழே வைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

"ரெகுலர் வாட்டர், தம்பி" என்று அவர் சொல்லலாம். இளைஞர் தலையாட்டிவிட்டு ஜாடியை எடுத்து வருவார். பிறகு மெனு கார்டைப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்து, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்கலாம். பந்தலடியில் ஒரே மூச்சில் ஒன்பது சொல் சொன்னவருக்கு இன்னும் மூன்று சொல் பெரிய விஷயமா?